மீட்டரிடம் கேளுங்கள்: மின்காரும் மலிவு நேரமும்

(மின் விநியோகத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற பொறியாளர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார்.)

கேள்வி: நேரவாரிக் கட்டணத்துக்கு மாறுகிறீர்களா என்று மின் நிறுவனம் கேட்டிருக்கிறது. இரவில் விலை குறைவு, மற்ற நேரத்தில் இப்போதைவிடக் கூடுதல். "மின்கார் இருக்கிறதே, கண்ணை மூடிக்கொண்டு மாறு" என்கிறார் அண்ணன். மாறலாமா?

பதில்: உங்கள் அண்ணன் காருக்கு மட்டும் கணக்குப் போட்டிருக்கிறார். புதிய கட்டணத்துக்கு மாறப்போவது கார் மட்டுமல்ல, வீடு முழுவதும். மதியம் ஓடும் குளிர்சாதனமும் மாலையில் எரியும் அடுப்பும் அந்தக் கூடுதல் விலைக்குள் வந்துவிடும்.

ஒரு காகிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது ஒரு யூனிட்டின் விலை எதுவாக இருந்தாலும் அதை 100 என்று வையுங்கள். புதிய திட்டத்தில் இரவு விலை 60, மற்ற நேர விலை 120 என்று கொள்வோம். ஏற்றம் 20, இறக்கம் 40. ஏற்றத்தை, இரண்டும் சேர்ந்த 60ஆல் வகுத்தால் மூன்றில் ஒரு பங்கு. மொத்தப் பயன்பாட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மலிவு நேரத்தில் விழுந்தால்தான் உங்களுக்கு லாபம்; அதற்குக் கீழே என்றால் நஷ்டம். உங்கள் கட்டணத்தின் எண்களையும் இதே முறையில் போட்டுப் பாருங்கள்.

இனி காருக்கு வருவோம். நடுத்தர அளவுள்ள கார் 100 கிலோமீட்டருக்குச் சுமார் 15 யூனிட் எடுக்கும். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டினால் 150 யூனிட். இது பேட்டரியிலிருந்து செலவாவது. மாறுதிசை மின்சாரத்தை நேர்திசையாக்கி பேட்டரிக்குள் ஏற்றும்போது பத்து முதல் பதினைந்து சதவீதம் வெப்பமாகப் போய்விடும். அதையும் சேர்த்து மீட்டரில் ஓடுவது 170 யூனிட் அளவுக்கு இருக்கும். வீட்டின் மற்ற செலவு 250 யூனிட் என்றால் மொத்தம் 420. கார் மட்டுமே 40 சதவீதம். தயங்காமல் மாறலாம்.

அதுவே மாதம் 500 கிலோமீட்டர்தான் ஓட்டுகிறீர்கள், வீட்டுச் செலவோ 400 யூனிட் என்றால்? காருக்கு 85, மொத்தம் 485. குளிர்பதனப் பெட்டி, மின்விசிறி என்று இரவில் தானாக ஓடுபவை 60 யூனிட் என்று சேர்த்தாலும் 30 சதவீதம்தான் வருகிறது. கார் இருந்தும் பில் இரண்டு சதவீதம் ஏறும். துணி துவைப்பதையும் தண்ணீர் ஏற்றுவதையும் மலிவு நேரத்துக்குத் தள்ள முடிந்தால் கணக்கு திரும்பிவிடும். முடியாதென்றால் பழைய கட்டணத்திலேயே இருங்கள்.

யூனிட் கூடக் கூட விலை படிப்படியாக ஏறும் கட்டணமாக இருந்தால், கார் உங்களை மேல்படிக்கு ஏற்றிவிடும். அங்கே காருக்குத் தனி மீட்டர் கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள்.

கேள்வி: கார்த் திரையிலும் நேரம் குறித்திருக்கிறேன், சுவர் சார்ஜரின் செயலியிலும் குறித்திருக்கிறேன். ஆனாலும் சில காலைகளில் பேட்டரி பாதிகூட ஏறியிருப்பதில்லை. சார்ஜர் பழுதா?

பதில்: பழுதில்லை ஐயா. ஒரே கதவுக்கு இரண்டு பூட்டு போட்டு, சாவிகளை இரண்டு பேரிடம் கொடுத்திருக்கிறீர்கள். சுவரில் இருக்கும் பெட்டி, நாம் சார்ஜர் என்று அழைத்தாலும், உண்மையில் பாதுகாப்பான ஒரு சுவிட்சுதான். "இத்தனை ஆம்பியர் வரை எடுத்துக்கொள்ளலாம்" என்று காருக்குத் தகவல் சொல்லும். மின்சாரத்தை மாற்றி ஏற்றும் சார்ஜர் காருக்குள்ளேயே இருக்கிறது. இரண்டும் சம்மதித்தால்தான் மின்சாரம் ஓடும். பெட்டி 11 முதல் 3 மணி வரை, கார் 1 முதல் 5 மணி வரை என்றிருந்தால் உங்களுக்குக் கிடைப்பது இரண்டே மணி நேரம். போதாக்குறைக்கு, கம்பியைச் செருகி வெகுநேரம் மின்சாரம் வராவிட்டால் சில கார்கள் உறங்கிவிடும். பெட்டி பிறகு அழைத்தாலும் எழுந்திருப்பதில்லை.

ஒன்றை அழித்துவிடுங்கள். கட்டணம் தினமும் ஒரே நேரத்தில் மாறுகிறது என்றால் காரில் குறிப்பதே என் தேர்வு. பேட்டரியின் நிலை அதற்குத்தான் தெரியும். நாளுக்கு நாள் விலை மாறும் கட்டணமாக இருந்தால் வேலையைச் செயலியிடம் விடுங்கள். காரில் 'புறப்படும் நேரம்' என்ற வசதி இருந்தால் தொடக்க நேரத்தைவிட அது மேல். ஆனால் அதில் மலிவு நேரத்தையும் சேர்த்துக் குறிக்க வேண்டும். இல்லையென்றால் காலை உச்ச நேரத்தில் போய் நிற்கும்.

செயலி சொல்வதை நான் நம்புவதில்லை; மீட்டரைத்தான் பார்ப்பேன். பெரும்பாலான மின்னணு மீட்டர்களின் முகப்பில் ஒரு சிறு விளக்கு விட்டுவிட்டு மின்னும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை மின்னும் என்ற எண்ணும் பக்கத்திலேயே அச்சிடப்பட்டிருக்கும். அது 1000 என்றால், 3.6 கிலோவாட் ஓடும்போது சரியாக விநாடிக்கு ஒரு முறை மின்னும். மலிவு நேரம் தொடங்கியதும் ஒருமுறை போய் நின்று பாருங்கள். சோம்பலாக மின்னிக்கொண்டிருந்த விளக்கு சட்டென்று வேகம் பிடித்தால் சார்ஜ் தொடங்கிவிட்டது.

கேள்வி: மலிவு நேரம் நள்ளிரவில் தொடங்குகிறது. என் சார்ஜர் மட்டும் 12.04, 12.07 என்று நாளுக்கொரு நேரத்தில் தொடங்குகிறதே?

பதில்: வேண்டுமென்றேதான். ஆயிரக்கணக்கான கார்கள் ஒரே விநாடியில் இழுத்தால் மின்கட்டமைப்பு ஆட்டம் காணும். அதனால் தற்செயலான தாமதத்தைச் சேர்க்கிறார்கள். பிரிட்டனில் 2022 முதல் புதிய வீட்டு சார்ஜர்களுக்கு இது சட்டப்படி கட்டாயம். அங்கே வழக்கமாக 10 நிமிடம் வரை. தெருமுனை மின்மாற்றிகளோடு பல இரவுகளைக் கழித்தவன் என்ற முறையில், அந்தப் பத்து நிமிடத்தை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன்.

கேள்வி: சுவர் சார்ஜர் இல்லை. காரோடு வந்த 10 ஆம்பியர் கம்பிதான். ஆறு மணி நேர மலிவு மின்சாரம் போதுமா? டைமர் பிளக் வாங்கலாமா?

பதில்: 230 வோல்ட்டில் 10 ஆம்பியர் என்றால் 2.3 கிலோவாட். ஆறு மணி நேரத்தில் 13.8 யூனிட், பேட்டரியில் சேர்வது சுமார் 12. எண்பது கிலோமீட்டர் ஓடலாம். தினமும் அதற்குள்தான் ஓடுகிறீர்கள் என்றால் சுவர் சார்ஜருக்குச் செலவழிக்கவே வேண்டாம்.

டைமர் பிளக் கூடாது. நீட்டிப்புக் கம்பியும் கூடாது. மணிக்கணக்கில் முழு மின்னோட்டத்தைத் தாங்குவதற்காக அவை பொதுவாகச் செய்யப்படுவதில்லை. தொடுமுனைகள் சூடேறி உருகும். நேரத்தைக் காரிலேயே குறியுங்கள். முதல் நாள் ஒரு மணி நேரம் ஓடிய பிறகு பிளக்கைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடோ, கருகல் வாடையோ, சாக்கெட்டில் நிறமாற்றமோ தெரிந்தால் மெயினை அணைத்துவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: காரைச் சார்ஜில் போட்டுவிட்டு வீட்டில் எல்லோரும் தூங்கக் கூடாது என்கிறார் என் மாமனார். பேட்டரியும் சீக்கிரம் கெட்டுவிடுமாம். அவருக்கு என்ன பதில் சொல்வது?

பதில்: மாமனார் சொல்வதில் பாதி சரி, அம்மா. காருக்கென்று தனி ஒயர், நல்ல எர்த், கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் சுவிட்ச் ஆகிய மூன்றும் இருந்தால் தூங்கலாம். இல்லையென்றால் அவர் பக்கம்தான் நான்.

பேட்டரி விஷயத்தில், இரவில் ஏற்றுவது கெடுதல் இல்லை. நிரம்பிய நிலையில் நாள்கணக்கில் நிறுத்தி வைப்பதுதான் கெடுதல். நிக்கல் கலந்த லித்தியம் வகை பேட்டரிக்கு அன்றாட உச்சவரம்பை 80 சதவீதத்தில் வையுங்கள். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை என்றால் அவ்வப்போது 100 வரை ஏற்றச் சொல்லும் நிறுவனங்கள் உண்டு. உங்கள் காரின் கையேட்டில் இருப்பதைப் பின்பற்றுங்கள்.

கேள்வி: எங்களுக்கு மலிவு நேரம் நண்பகல். அப்போது கார் அலுவலகத்தில் நிற்கிறது!

பதில்: சூரிய மின்சாரம் மிகுந்த இடங்களில் அப்படித்தான். தினமும் ஏற்ற வேண்டும் என்று யார் சொன்னது? 40 யூனிட் பேட்டரி 250 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். விடுமுறை நாளின் பகலில் ஏற்றிவிட்டு, குறைந்தால் வாரநடுவில் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இரவு எட்டு மணிக்கு அவசரமாக வெளியூர் கிளம்ப வேண்டியிருந்தது, பேட்டரியில் 12 சதவீதம். மலிவு நேரத்துக்காகக் காத்திருப்பதா என்று வீட்டில் வாக்குவாதமே நடந்துவிட்டது. நீங்கள் என்ன செய்வீர்கள்?

பதில்: உடனே ஏற்றியிருப்பேன். கூடுதல் விலையில் பத்து யூனிட் வாங்குவதால் மாதக் கணக்கு பெரிதாகக் கெடாது. இனிமேல், 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் எந்த நேரமானாலும் அதுவரை ஏற்று என்று குறிக்கும் வசதி உங்கள் காரிலோ செயலியிலோ இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால், அவசரத்துக்கு 'உடனடி சார்ஜ்' பொத்தானை அழுத்துங்கள். மறுநாள் அட்டவணை பழையபடி திரும்பிவிட்டதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சில கார்களில் அதை நாமேதான் மாற்ற வேண்டும்.