டெலிபிரிண்டர் பிழையே விடாதா?

கேள்வி: டி.வி.யில் செய்தி தொடங்கும்போது கேட்கும் 'டக டக' சத்தம் பழைய டெலிபிரிண்டருடையதுதானே? மிஷினில் வந்தது அப்படியே அச்சுக்குப் போனதால் அந்தக் காலச் செய்தியில் பிழையே இருக்காது என்கிறார் எங்கள் அப்புச்சி. உண்மையா?
- வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: சத்தத்தை உங்கள் காதே பிரித்துச் சொல்லிவிடும். விட்டுவிட்டு, வேகம் கூடிக் குறைந்து கேட்டால் அது யாரோ விரலால் தட்டுகிற டைப்ரைட்டர். வேறு ஊரில் அனுப்பியதைக் கம்பி வழியே வாங்கித் தானாகத் தாளில் அடிக்கிற செய்தி நிறுவனத்து டெலிபிரிண்டருக்கு அந்தத் தடுமாற்றம் கிடையாது. முன்கூட்டியே துளையிட்ட காகித நாடா ஓட, எந்த எழுத்தானாலும் 150 மில்லிசெகண்டுக்கு ஒன்று, நிமிடத்துக்கு 400 என்று ஒரே சீராக விழும். சோமனூரில் தறி ஓடும் தெருவில் நின்றவர்களுக்கு இந்தச் சீர் பிடிபடும். அடியில் மோட்டாரின் உறுமல், வரி முடிந்தால் 'சரக்', அவசரச் செய்தி என்றால் மணி. அந்த மணியைக்கூட அனுப்புகிற ஊரிலிருந்தேதான் அடிப்பார்கள். அதற்கென்று தனிக் குறியீடு உண்டு.

சத்தம் வருவதால் செய்தி வருகிறது என்றும் நம்பிவிட வேண்டாம். லைனில் கரண்ட் அறுந்தால் பல மிஷின்கள் அடங்குவதற்குப் பதில் ஓயாமல் கடகடக்கும். தாளில் ஓர் எழுத்தும் விழாது.

சரி, அப்புச்சியின் பிழையில்லாத மிஷினுக்கு வருவோம். லைனில் ஓர் எழுத்துக்கு ஐந்து மின் துடிப்பு. ஒவ்வொன்றும் கரண்ட் உண்டு அல்லது இல்லை என்று இரண்டில் ஒன்று. அதில் 32 சேர்க்கைதான் கிடைக்கும். ஆங்கில எழுத்து 26, எண் 10, புள்ளி, கமா எல்லாம் அதற்குள் அடங்காது. அதனால் ஒரே குறியீட்டுக்கு இரண்டு வேலை. 'இனி எழுத்து' என்று ஒரு குறி, 'இனி எண்' என்று இன்னொரு குறி. மறு குறி வரும்வரை மிஷின் முதலில் சொன்னதையே பிடித்துக்கொண்டிருக்கும். வில்லங்கம் என்னவென்றால், இந்த இரண்டு குறிக்கும் வித்தியாசம் நடுவிலுள்ள ஒரே துடிப்புதான். லைன் கோளாறில் அது தொலைந்தால் எழுத்தெல்லாம் எண்ணாகிவிடும்.

திருப்பூரை ஆங்கிலத்தில் ஒற்றை 'பி' போட்டு அடித்தால் ஏழெழுத்து. ஏழுமே கீபோர்டின் மேல்வரிசை. எண்கள் இருப்பதும் அங்கேதான். ஆக, ஊர்ப்பெயர் 5847074 என்று விழும். பனியன் கம்பெனியில் அதை ஆர்டர் நம்பர் என்று எடுத்துக்கொண்டால் யாரைக் குறை சொல்வது? ஈரோட்டின் கதை இன்னும் வேடிக்கை. 3, 4, 9 என்று மூன்றெழுத்து போனதும் 'டி' வரும். எண் வரிசையில் அந்தக் குறியீட்டுக்குப் பொருள் 'நீ யார்?' டெலக்ஸ் (கம்பெனிகள் டெலிபோன் போல நம்பர் போட்டுத் தொடர்புகொண்ட டெலிபிரிண்டர் சேவை) மிஷின் உடனே தன் பெயரையும் நம்பரையும் தானாகவே திருப்பி அனுப்பும். வந்துகொண்டிருக்கிற வரியும் போகிற பதிலும் மோதி, இரண்டும் கூழாகும்.

இவற்றில் எதையும் மிஷின் கண்டுபிடிக்காது. ஐந்து துடிப்பும் எழுத்துக்கே செலவாகிவிடுகிறது. சரிபார்க்க என்று ஆறாவது துடிப்பு கிடையாது.

'அப்படியே அச்சுக்கு' என்பதும் கதை. ஏஜென்சிச் செய்தி வந்தது ஆங்கிலத்தில், அதுவும் பெரிய எழுத்துகளில். உதவி ஆசிரியர் அதைத் தமிழாக்கி எழுதி, அச்சுக் கோப்பவர் கோத்து, அதன் பிறகுதான் பேப்பர். தப்பு நுழைய வழி குறைவா என்ன? தொகை, தேதி போன்ற எண்களைத் தகவலின் கடைசியில் இன்னொரு முறை அடித்து அனுப்பும் வழக்கமும் இருந்தது. பிழையே விடாத மிஷினுக்கு அது எதற்கு என்று அப்புச்சியிடம் கேட்டு எழுதுங்கள்.