கம்பியில் உள்ள 500 என்பது அறுந்துபோகும் அளவா?

கேள்வி: கிளிநொச்சியில் வீடு கட்டுகிறோம். கடையில் 500 கிரேட் கம்பி என்கிறார்கள். அதற்கு மேல் போனால் கம்பி அறுந்துவிடுமா?

இல்லை, உடனே அறாது. சைக்கிள் கரியலில் ஒரு நெல் மூட்டையை ஏற்றினால் சற்றுத் தாழும், இறக்கியதும் பழைய நிலைக்கு வந்துவிடும். ஆசைப்பட்டு இன்னும் இரண்டை அடுக்கிப் பாருங்கள். இறக்கிய பிறகும் கோணியபடியே நிற்கும். உடையவில்லை, ஆனால் தானாக நிமிராது. இந்த நிரந்தர மாற்றம் தொடங்கும் தகைப்பைத்தான் (ஒரு குறித்த பரப்பில் தாங்கும் விசையின் அளவு) பொறியியலாளர்கள் யீல்ட் ஸ்ட்ரெங்த், அதாவது இளகு வலிமை என்கிறார்கள்.

கம்பியில் உள்ள 500 இந்த இளகு வலிமைதான்: ஒரு சதுர மில்லிமீற்றருக்கு 500 நியூட்டன் (விசையின் அலகு). 12 மில்லிமீற்றர் கம்பியின் குறுக்குவெட்டு சுமார் 113 சதுர மில்லிமீற்றர். பெருக்கினால் 56,500 நியூட்டன், அதாவது ஐந்தே முக்கால் தொன் அளவு இழுவை! அதையும் தாண்டினால் முதலில் நீளும், பிறகுதான் அறும். இது நமக்கு நல்லது; கொங்கிறீற்று வெடிப்புக் காட்டி முன்கூட்டியே எச்சரிக்கும்.

சாதாரண மெல்லுருக்குக்கு (மைல்ட் ஸ்டீல்) இந்த இளகு வலிமை 250 அளவில் இருக்கும். அலுமினியத்தில் இளகும் இடம் தெளிவாகத் தெரியாது, 0.2 சதவீத நிரந்தர நீட்சி தரும் தகைப்பையே எடுப்பார்கள்.

அப்புறம், பழைய வீட்டில் கோணிய கம்பியைச் சுத்தியலால் நிமிர்த்தித் திரும்பப் போடாதீர்கள். அதன் நீளும் தன்மையில் ஒரு பங்கு ஏற்கெனவே செலவாகிவிட்டது.