சார்ட் கட்டளை: பழைய ஆப்ஷன், புதிய தரம்

கேள்வி: வருடக்கணக்காக ஓடிய ஸ்கிரிப்ட், வேறு சர்வரில், ஃபைலின் வரிகளை வரிசைப்படுத்தும் சார்ட் கட்டளையை அழைக்கும் ‘சார்ட் +1’ வரியில் ‘+1 என்ற ஃபைல் இல்லை’ என்று நின்றுவிடுகிறது. ஏன்?

பதில்: ஸ்கிரிப்டில் கோளாறு இல்லை, தரம்தான் மாறிவிட்டது. முதல் ஃபீல்டைத் (வரியில் இடைவெளியால் பிரிந்த ஒரு பகுதி) தாண்டி அடுக்கு என்பதை அந்தக் கால யூனிக்ஸில் ‘+1’ என்றுதான் எழுதுவார்கள். யூனிக்ஸ் வகை சிஸ்டங்களுக்கான போசிக்ஸ் தரத்தின் 2001 பதிப்பு இதை நீக்கி, எந்த ஃபீல்டை வைத்து அடுக்குவது என்று சொல்லும் -கே ஆப்ஷனை மட்டும் வைத்துக்கொண்டது. அதன்படி +1 வெறும் ஃபைல் பெயர். அப்புறம் 2008 பதிப்பு, பழைய முறையோ புதிய முறையோ எதுவும் இருக்கலாம் என்று பிடியைத் தளர்த்தியது. அதனால்தான் ஒரே வரி ஒரு மெஷினில் ஓடுகிறது, இன்னொன்றில் படுத்துவிடுகிறது.

கேள்வி: ‘-கே 1’ என்று மாற்றினால் போதுமா?

பதில்: தப்பாகிவிடும். பழைய முறை பூஜ்யத்திலிருந்து எண்ணும், -கே ஒன்றிலிருந்து. ஆக ‘+1’ என்பது ‘-கே 2’. ‘+1 -2’ என்பது ‘-கே 2,2’. கமாவையும் அதன் பின்னுள்ள 2-ஐயும் பலர் விட்டுவிடுகிறார்கள். விட்டால் வரியின் கடைசி வரை ஒரே சாவியாகிவிடும் (சாவி என்றால் அடுக்குவதற்காக ஒப்பிடும் பகுதி). ‘-கே 2 -கே 1,1என்’ (‘என்’ என்றால் எண்ணாக ஒப்பிடு) என்று எழுதிப் பாருங்கள்: இரண்டாவது ஃபீல்டில் ஒரே ஊர் இருந்தாலும், அதற்கு அடுத்த ஃபீல்டுகளே வரிசையைத் தீர்மானித்துவிடும். இரண்டாவது சாவிக்கு அநேகமாக வேலையே வராது.

கேள்வி: எல்லா ஸ்கிரிப்டையும் இப்போதே திருத்த நேரமில்லை.

பதில்: லினக்ஸில் வழக்கமாக இருக்கும் குனு கருவிகள் என்றால், ‘_போசிக்ஸ்2_வெர்ஷன்’ என்ற சூழல் மாறிக்கு 199209 என்று மதிப்புக் கொடுங்கள். பத்தாவது வரியிலிருந்து காட்டும் ‘டெயில் +10’ போன்ற பழைய வரிகளும் பிழைத்துக்கொள்ளும். அந்தந்த ஸ்கிரிப்டின் தலையில் மட்டும் போடுங்கள், சிஸ்டம் முழுக்க வேண்டாம்.

கேள்வி: சார்ட்டின் முடிவை ஒரு ஃபைலில் எழுதும் -ஓ ஆப்ஷனைக் கடைசியில் எழுதலாமா?

பதில்: குனுவில் சாதாரணமாக ஓடும். எங்கும் ஓட வேண்டுமென்றால் ஃபைல் பெயருக்கு முன்னால் எழுதுங்கள்.

கேள்வி: ஆப்ஷன் எதையும் தொடவில்லை. லினக்ஸை அப்கிரேட் செய்ததும் வரிசையே மாறிவிட்டதே?

பதில்: லொக்கேல் (மொழி, நாட்டுக்கேற்ற அமைப்பு) வேலை. 2018-இல் வந்த ஜிலிப்சி (லினக்ஸின் அடிப்படை சி நூலகம்) 2.28 அகரவரிசை விதிகளைப் பெருமளவு புதுப்பித்தது; போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் இண்டெக்ஸ்களைக்கூட மறுபடி கட்ட வேண்டிவந்தது. மெஷின் படிக்கும் ஃபைல் என்றால் ‘எல்சி_ஆல்=சி’ போட்டுவிடுங்கள்; மொழி விதிகளை விட்டு எழுத்தின் குறியீட்டு எண்படியே அடுக்கும், வரிசை மாறாது. தமிழ்ப் பெயர்ப்பட்டியலுக்கு அது சரிவராது. யூனிகோடில் ழகரத்துக்கு முன்னால் ளகரம் இருப்பதால், ‘வளை’ முந்திக்கொண்டு ‘வழி’ பின்னால் போய்விடும்.