சம்பளம் ஏறுது, மிச்சம் ஏறலையே? பெங்களூர்க் கேள்வி பதில்

இன்கிரிமென்ட் மாதம் வந்தாலே நம் அல்சூர் தமிழ் நண்பர்கள் ஒரே மாதிரிக் கேள்விகளைத்தான் அனுப்புகிறார்கள். வங்கிக் கடன் பிரிவில் இருந்தவன் என்பதால் எல்லாம் என் தலையில். சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

மாரத்தஹள்ளியிலிருந்து: சம்பளம் 55 ஆயிரத்திலிருந்து 90 ஆயிரம் ஆனது. ஆனாலும் 25ஆம் தேதி கணக்கில் ஒன்றுமில்லை. ஹோட்டல் சாப்பாட்டைக் குறைத்தும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை சார்.

வித்தியாசம் தெரியாதுதான் தம்பி. தோசை தின்று யாரும் கடனாளி ஆனதில்லை. 55 ஆயிரம் வாங்கிய காலத்து ஸ்டேட்மென்டையும் இந்த மாதத்தையும் பக்கத்தில் வைத்து, முதல் வாரத்தில் தானாகக் கழிகிறவற்றை மட்டும் கூட்டுங்கள். வாடகை, மெயின்டனன்ஸ், பைக் தவணை, ஃபோன் தவணை, ஜிம், ஓ.டி.டி. பணம் அங்கேதான் போயிருக்கும். சாப்பாட்டை நாளைக்கே குறைக்கலாம். இவற்றைக் குறைக்க வீடு மாற வேண்டும், வண்டியை விற்க வேண்டும். அதனால் இந்தச் செலவுகளை ஏற்றும்போதே, திரும்ப இறங்க எவ்வளவு ஆகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த இன்கிரிமென்ட் வரும் மாதமே கூடுதலில் பாதியை ஆர்.டி.யில் போடுங்கள். ஆறு மாதச் செலவுக்குச் சேர்ந்த பிறகு வி.பி.எஃப்., அதாவது பி.எஃப்.பில் நாமாக விரும்பிக் கூடுதலாகப் போடுவது. ஹெச்.ஆரிடம் சொன்னால் சம்பளத்திலேயே பிடித்துவிடுவார்கள். 2024-25க்கு வட்டி 8.25 சதவீதம்.

ஒயிட்ஃபீல்டிலிருந்து: இருவரும் வேலைக்குப் போகிறோம். 13 லட்சத்துக்கு பெட்ரோல் கார் பார்த்திருக்கிறோம், 10 லட்சம் கடன். தாங்குமா?

9 சதவீத வட்டி, 7 வருஷம் என்றால் தவணை சுமார் 16,100. வட்டி மட்டும் மூன்றரை லட்சம். கர்நாடகத்தில் 10 லட்சத்தைத் தாண்டி 20 லட்சம் வரையுள்ள காருக்கு ஆயுள் சாலை வரியே 17 சதவீதம், அதன்மேல் செஸ் வேறு. ஷோரூமில் சொன்ன விலை இதையும் சேர்த்தா என்று கேட்டீர்களா? 10 லட்சத்துக்குள் பார்த்தால் வரி விகிதமும் இறங்கும். 2023இல் மெட்ரோ உங்கள் பக்கம் வந்துவிட்டது, வாரநாளில் கார் பேஸ்மென்டில்தான் தூங்கும்.

சரி, ஆசையை விட முடியவில்லையா? மூன்று மாதம் 1ஆம் தேதியே 25,000 எடுத்துத் தனியே வையுங்கள். தவணை, பெட்ரோல், இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்ந்து அவ்வளவு ஆகும். கிரெடிட் கார்டைத் தொடாமல் மாதம் ஓடினால் வாங்குங்கள், சேர்ந்த 75,000 முன்பணத்துக்கு ஆகும்.

கே.ஆர்.புரத்திலிருந்து: வட்டியில்லாத் தவணை என்கிறார்களே, அந்த நோ காஸ்ட் இ.எம்.ஐ.யில் டி.வி. வாங்கலாமா?

வட்டியைத் தள்ளுபடியாகக் காட்டிவிட்டு, அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. போடுவார்கள். சில கார்டுகளில் புராசஸிங் ஃபீஸும் உண்டு. முழுப் பணமும் கையில் இருந்தால் வாங்கலாம். இல்லையென்றால் பழைய டி.வி.யே போதும்.

பொம்மனஹள்ளியிலிருந்து: ஊர் தருமபுரிப் பக்கம். கல்யாணத்துக்குப் போனால், "பெங்களூர்ல இருந்துக்கிட்டு ஆயிரத்தியொண்ணுதானா?" என்கிறார்கள்.

இதற்குப் பதில் உங்கள் வீட்டு மொய் நோட்டில் இருக்கிறது. அவர்கள் உங்களுக்கு எழுதியது எவ்வளவு என்று அம்மாவிடம் கேட்டு, கொஞ்சம் கூட்டி எழுதுங்கள், போதும். ஆடியில் முகூர்த்தம் இல்லை, ஆவணியில் மொத்தமாக வந்து விழும். ஆகவே மாதாமாதம் ஒரு தொகையை அம்மா கணக்கில் போட்டு, மொய்யை அவரையே எழுதச் சொல்லுங்கள். அம்மாக்களுக்கு யாருக்கு எவ்வளவு என்பது நம்மைவிட நன்றாகத் தெரியும்.

இந்திராநகரிலிருந்து: 25 ஆயிரம் வாடகையிலிருந்து 42 ஆயிரம் வீட்டுக்கு மாறலாமா அண்ணா?

வருஷத்துக்கு 2,04,000 கூடுதல். ஆறு மாத அட்வான்ஸ் கேட்டால் இரண்டரை லட்சம் வட்டியில்லாமல் ஓனரிடம் கிடக்கும். அப்பா அம்மா வந்து தங்கப்போகிறார்கள் என்றால் மாறுங்கள். ஆபீஸ் நண்பன் மாறினான் என்பதற்காக என்றால் இன்னொரு வருஷம் பொறுங்கள். காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகையைப் பிடிப்பது இங்கே வழக்கம். அக்ரிமென்டில் அந்த வரியைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.