தாத்தாவின் லீவர் ரைஃபிளில் பின்கட்டை விரிந்துவிட்டது. தேக்கில் புதுக்கட்டை போடலாமா, பழையதையே சரிசெய்யலாமா?

உங்கள் கேள்வியில் இருப்பது இவ்வளவு: வீடு தருமபுரியில். தாத்தா ஒரு காலத்தில் ஏற்காட்டு எஸ்டேட்காரர் ஒருவரிடம் வாங்கிய வின்செஸ்டர் லீவர் ரைஃபிள். உரிமம் இப்போது அப்பா பெயரில் மாற்றப்பட்டிருக்கிறது. கையால் பிடிக்கிற கழுத்துப் பகுதியில், மேல் இரும்புப் பட்டை முடியும் இடத்திலிருந்து விரிசல் ஓடுகிறது. தெரிந்த ஆசாரி ஒருவர் தேக்கில் புதுக்கட்டை செய்து தருகிறேன் என்கிறார்.

இப்போதைக்கு வேண்டாம் என்பதே என் பதில். விரிசல் எதனால் வந்தது என்று பார்க்காமல் புதுக்கட்டை போட்டால், அதுவும் அதே இடத்தில்தான் விரியும். தேக்கா வால்நட்டா (அக்ரூட் மரம்) என்பது அப்புறம் வருகிற கேள்வி.

எனக்கு ஊர் காவேரிப்பட்டணம், அப்பா தச்சர். நான் பெங்களூரில் உரிமம் பெற்ற துப்பாக்கிப் பட்டறை ஒன்றில் மரவேலை மட்டும் பார்க்கிறேன். குழலும் எந்திரமும் வேறு ஆள் கையில். ஆகவே இங்கே சொல்வதெல்லாம் மரத்தைப் பற்றித்தான்.

முதலில் சட்டம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி துப்பாக்கியைத் தயாரிக்க மட்டுமல்ல, பழுதுபார்க்கவும் உரிமம் வேண்டும். உங்கள் ஆசாரி எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் துப்பாக்கியை அவர் வீட்டில் விட்டு வரக்கூடாது. கட்டையை மட்டும் கழற்றிக் கொடுக்கலாமே என்று பலர் கேட்பார்கள். அந்தச் சட்டத்தில் ஆயுதத்தின் பாகங்களும் ஆயுதம் என்பதற்குள் அடங்குகின்றன, அதனால் அதையும் பட்டறை வழியாகச் செய்வதுதான் பத்திரம். பழைய துப்பாக்கிக்கு உரிமமே வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 45ஆம் பிரிவில் விலக்கு இருப்பது உண்மை. ஆனால் பழுதுபார்த்தாலும் சுட முடியாத நிலையில் இருக்கும் பழம்பொருளுக்குத்தான் அது. உங்களுடையது அப்படி இல்லை. பெங்களூருக்குக் கொண்டுவர நினைத்தால் உரிமத்தில் செல்லுபடி எல்லை என்ன என்று பாருங்கள். தமிழ்நாடு மட்டும் என்றிருந்தால் ஓசூரைத் தாண்டக் கூடாது, கலெக்டர் அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு புறப்படுங்கள்.

அடுத்து, அது உண்மையிலேயே வின்செஸ்டர்தானா? நம் பக்கத்தில் லீவர் துப்பாக்கி என்று கொண்டுவருவதில் சில மார்ட்டினி வகையாக இருக்கும். அதுவும் கீழே லீவர் உள்ளதுதான், ஆனால் ஒரு தடவைக்கு ஒரே தோட்டா. குழலுக்குக் கீழே தோட்டா நிரப்பும் நீளக் குழாய் அதில் இருக்காது. கட்டை பூட்டும் முறையும் வேறு. மார்ட்டினி-ஹென்றியில் அடிப்பக்கத் தகட்டுக்கு உள்ளிருந்து ஒரு நீளமான போல்ட் கட்டையின் ஊடாகப் போய்ப் பிடிக்கும். வின்செஸ்டர் 1892, 1894 மாடல்களில் ரிசீவருக்கு, அதாவது எந்திரம் அடங்கிய இரும்புக் கூட்டுக்குப் பின்னால் மேலொன்று கீழொன்றாக இரண்டு இரும்புப் பட்டைகள் நீளும். டேங் என்போம். மேல் டேங்கிலிருந்து ஒரு திருகு மரத்தைத் துளைத்துக் கீழ் டேங்கில் போய் மாட்டும். அந்த ஒரு திருகுதான் பின்கட்டையைப் பிடித்து வைத்திருக்கிறது. இரண்டு மாடலையும் வடிவமைத்தவர் ஜான் பிரவுனிங். வரிசை எண் ரிசீவரின் அடியில், முன்பக்கமாக இருக்கும், 1873 மாடலாக இருந்தால் கீழ் டேங்கில். அந்த எண்ணைக் கொண்டு எந்த வருடத்தில் செய்தது என்று கண்டுபிடிக்கலாம். அமெரிக்காவில் வையோமிங் மாநிலத்தில் கோடி (Cody) என்ற நகரத்தின் அருங்காட்சியகத்தில் பழைய வின்செஸ்டர் பதிவேடுகள் பலவற்றைப் பாதுகாக்கிறார்கள், கட்டணம் கட்டினால் எழுதித் தருவார்கள். கட்டையில் கை வைப்பதற்கு முன் இது தெரிந்திருப்பது நல்லது. பழைய கட்டையோடு இருக்கும் துப்பாக்கிக்கு உள்ள மதிப்பு, அதைத் தூக்கிப் போட்ட பிறகு திரும்பாது.

கழற்றும் முன் துப்பாக்கி காலியா என்று பாருங்கள். லீவரைத் திறந்து தோட்டா உட்காரும் அறையைப் பார்த்தால் மட்டும் போதாது, கீழ்க்குழாயில் ஸ்பிரிங் சிக்கி ஒரு பழைய தோட்டா உள்ளேயே நின்றிருக்கலாம். இதைப் பட்டறைக்காரர் பார்க்கட்டும்.

சரி, விரிசலுக்கு வருவோம்.

சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும். அந்த உதையை மரம் எங்கே வாங்குகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ரிசீவரின் பின்முகம் முழுவதும் மரத்தின் வெட்டுமுகத்தோடு ஒட்டி உட்கார்ந்திருக்க வேண்டும். உதை அங்கே பரவலாக இறங்கினால் கட்டை நூறு வருடம் தாங்கும். டேங் முடிகிற நுனிக்கும் மரத்துக்கும் இடையே ஒரு போஸ்ட்கார்டு தடிமனுக்கு இடைவெளி இருக்க வேண்டும். காலப்போக்கில் என்ன ஆகிறதென்றால், முன்பக்க வெட்டுமுகம் நசுங்கித் தேய்கிறது, திருகும் தளர்கிறது. கட்டை கொஞ்சம் முன்னே நகர்கிறது. உதை முழுவதையும் இப்போது டேங் நுனி வாங்குகிறது. அந்த நுனி விறகில் இறங்கும் ஆப்பு மாதிரி வேலை செய்து, கழுத்தை ரேகை வழியே பிளக்கிறது. நீங்கள் அனுப்பிய படத்தில் விரிசல் சரியாக அந்த நுனியில் தொடங்குவதைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகமே இல்லை.

வெட்டுமுகம் ஏன் நசுங்குகிறது? பெரும்பாலும் எண்ணெயால். துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டு, குழல் மேலே பார்க்கும்படி மூலையில் சாத்தி வைப்போம். எண்ணெய் மெல்ல இறங்கி ரிசீவரைக் கடந்து கழுத்தின் வெட்டுமுகத்தில் ஊறும். வருடக்கணக்கில் ஊறிய மரம் கறுத்து, நகத்தால் அழுத்தினாலே குழி விழும். எண்ணெய் போட்டபின் இரண்டு மூன்று நாள் குழல் கீழே இருக்கும்படி வையுங்கள். இதைச் செய்தால் நம் பட்டறைக்கு வரும் கட்டைகளில் பாதி வராது என்று நினைக்கிறேன்.

பழைய கட்டையைக் காப்பாற்றுவதற்கு முதல் வேலை இந்த எண்ணெயை வெளியே எடுப்பது. எண்ணெய் ஊறிய மரத்தில் எந்தப் பசையும் பிடிக்காது, எபாக்சியும்கூட. பழைய கட்டைகள் திரும்பத் திரும்ப அதே இடத்தில் பிளப்பதற்கு இதுதான் பெரிய காரணம். ஆணி அடித்தது, செம்புக் கம்பி சுற்றியது, ஃபெவிகால் ஊற்றியது என எல்லாவற்றையும் பார்த்திருக்கிறேன், எதுவும் நிற்கவில்லை. நம் ஊர் வெயில் இதற்கு நல்ல துணை. சித்திரை வெயிலில் கட்டையை வைத்தால் எண்ணெய் தானாக மேலே கசியும், துணியால் துடைத்துக்கொண்டே வரலாம். மிச்சத்துக்குச் சாக்பீஸ் பொடியை அசிட்டோனில் குழைத்துப் பற்றுப் போடுகிறேன். அசிட்டோன் ஆவியாகும்போது எண்ணெயைப் பொடி உறிஞ்சிப் பழுப்பாகும், உதிர்த்துவிட்டு மறுபடி போட வேண்டும். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், திறந்த வெளியில் அடுப்பு விளக்கு எதுவும் இல்லாத இடமாகப் பாருங்கள். பொடி வெள்ளையாகவே நிற்கும் வரை விடக்கூடாது.

பிறகு விரிசலை லேசாக விரித்து, மெதுவாகக் காயும் எபாக்சியை உள்ளே இறக்கி, சைக்கிள் டியூபைக் கீறிய ரப்பர் பட்டையால் இறுக்கிச் சுற்றி வைக்கலாம். கழுத்து வளைவாக இருப்பதால் கிளாம்ப் சரியாக உட்காராது, ரப்பர் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அழுத்தும். விரிசல் நீளமாக இருந்தால், டேங் மூடும் பள்ளத்துக்குள்ளிருந்து குறுக்கே துளையிட்டு ஒரு மெல்லிய முளை இறக்குவேன். வெளியே தெரியாது. கடைசியாக டேங் நுனிக்குப் பின்னால் அந்தப் போஸ்ட்கார்டு இடைவெளியைச் செதுக்கிவிட வேண்டும். தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் 1892 மாடல் ஒன்றை இப்படி ஒட்டக் கொண்டுவந்தார். இடைவெளியைப் பார்த்து "புதுசா ஒரு சந்து விட்டுட்டியே தம்பி" என்று வருத்தப்பட்டார். அந்தச் சந்துதான் கட்டையைக் காப்பாற்றும் என்று விளக்கிக் காட்டினேன்.

ஒட்டிய கட்டையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். தொழிற்சாலையில் மரத்தை இரும்பை விட மயிரிழை உயர்த்தித்தான் விட்டிருப்பார்கள். பளபளப்புக்காகத் தேய்த்தால் மரம் இரும்புக்குக் கீழே போய்விடும், ஓரங்கள் உருண்டுவிடும், அதைத் திரும்பக் கொண்டுவர வழியே இல்லை. அமுங்கிய குழி இருந்தால் ஈரத்துணியை மேலே போட்டு இஸ்திரிப் பெட்டி வையுங்கள். நார் அறுபடாமல் நசுங்கி மட்டும் இருந்தால் ஆவியில் தானாக எழும்பும்.

கட்டை துண்டாகப் போய்விட்டது, பூச்சி அரித்துவிட்டது என்றால் மட்டும் புதுசு. அப்போதும் தேக்கு என் முதல் தேர்வு இல்லை. கதவுக்கும் ஜன்னலுக்கும் தேக்கை மிஞ்ச ஒன்றுமில்லை. ஆனால் கழுத்து மாதிரி மெலிந்த இடத்தில் அது சட்டென்று முறியும், உளியின் கூரும் நிற்காது. அந்தத் துப்பாக்கி பிறந்தது அமெரிக்கக் கருப்பு வால்நட்டில். காஷ்மீர் வால்நட் ரசீதோடு கிடைத்தால் அதுவே நல்லது. கிடைக்காவிட்டால் வைரம் பாய்ந்த வாகை. மர வியாபாரத்தில் வாகைக்கு இந்திய வால்நட் என்றே பெயர் உண்டு, எடையும் நிறமும் கிட்டத்தட்ட ஒத்துப்போகும். இழைக்கும்போது வரும் தூள் மூக்கை எரிக்கும், முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். நம் மாவட்டத்துக் காட்டு மரமான ஆச்சா தண்ணீரில் மூழ்கும் அளவுக்குக் கனம், துப்பாக்கியின் சமநிலையே மாறிவிடும். எந்த மரமானாலும் கழுத்தில் ரேகை நேராக ஓடும்படி பலகையில் வரைந்துகொள்ளுங்கள். பின்னால் அழகான சுழி இருக்கலாம், கழுத்தில் கூடாது. இரண்டு அங்குலத்துக்கு மேல் தடிமனான துண்டு நிழலில் காய இரண்டு வருடமாவது ஆகும். அவ்வப்போது நிறுத்துப் பாருங்கள், எடை குறைவது நின்றால்தான் உளி வைக்கலாம்.

பொருத்துவதில் ரகசியம் ஒன்றும் இல்லை. விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்து டேங்கிலும் ரிசீவர் முகத்திலும் மெல்லப் பூசி, கட்டையை நேராகத் தள்ளி எடுத்தால், தொட்ட இடமெல்லாம் கறுப்பாக இருக்கும். கறுத்த இடத்தை மட்டும் சீவ வேண்டும். மறுபடி பூச வேண்டும், மறுபடி தள்ள வேண்டும். ஒரு நாள் முழுக்க இதே வேலையாகப் போகும், அவசரப்பட்டு ஒரு சீவு கூடினால் அந்தப் பக்கம் சந்து. ரிசீவர் முகம் முழுக்க ஒரே கறுப்பாகப் பதிந்த பிறகுதான் திருகுக்குத் துளை. அந்தத் துளையை மரத்தில் மயிரிழை பின்னே தள்ளிப் போட்டால், திருகை இறுக்கும்போது கட்டை ரிசீவரை நோக்கி இழுபடும். நிலைக்கதவு மூட்டுக்கு முளைத்துளையைக் கொஞ்சம் தள்ளிப் போட அப்பா சொல்லிக்கொடுத்த அதே முறைதான் இது, அங்கே கற்றதால் இங்கே எனக்குச் சுலபமாக இருந்தது.

கட்டையின் பின்முனையில் தோளில் படுகிற அடித்தகடு பிறை வடிவமாக இருந்தால் கழுத்தை விட அதுதான் பொறுமையைச் சோதிக்கும். நிறத்துக்கு வார்னிஷ் வேண்டாம். இங்கிலாந்தில் கட்டை செய்பவர்கள் அல்கனெட் என்ற வேரை ஆளிவிதை எண்ணெயில் ஊறவைத்துச் சிவப்பேற்றுவார்கள். நான் நாட்டுமருந்துக் கடையில் வேம்பாளம்பட்டை வாங்கி ஊறவைத்துப் பூசுகிறேன், வாகையில் அழகான செம்பழுப்பு வருகிறது. மிக மெல்லியதாகத் தடவி, உள்ளங்கையால் சூடேறத் தேய்த்து, முழுக்கக் காய்ந்த பிறகு அடுத்த பூச்சு. துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், ஆளிவிதை எண்ணெய்த் துணி தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிடுங்கள், இல்லையென்றால் தண்ணீரில் முக்கிப் போடுங்கள்.

சுடுவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் குழலையும் பூட்டையும் பட்டறையில் பார்த்துச் சரி என்று சொல்லும் வரை சுட வேண்டாம். தேர்தல் வந்து துப்பாக்கியை ஒப்படைக்க நேர்ந்தால் மெத்தை வைத்த உறையில் போட்டுக் கொடுங்கள். திரும்பி வந்ததும் உறையிலிருந்து எடுத்துவிடுங்கள், உறை ஈரம் பிடித்து இரும்பைத் துருவேற்றும். வேலை முடிந்து முதல் ஐப்பசி மழை கழிந்ததும் டேங் திருகை ஒருமுறை பாருங்கள். மரம் ஈரம் குடித்து ஊதிப் பின் காயும்போது அது அரைச் சுற்றாவது தளர்ந்திருக்கும்.