சுவரில் மோதும் வெள்ளம் எவ்வளவு ஏறும்?

கேள்வி: ஏரிக்கரைக்குக் கீழே எங்கள் வீடு. கரை உடைந்தால் 1 மீட்டர் ஆழ நீர் வினாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் வரும் என்று ஒரு கன்சல்டன்ட் அறிக்கை தந்திருக்கிறார். இருமடங்கு உயரமாக 7 அடிக்கு காம்பவுண்டு சுவர் எழுப்பினால் போதும் என்கிறார். போதுமா?

பதில்: போதாது. அந்த 1 மீட்டர், தடையில்லாமல் ஓடும் நீரின் ஆழம். சுவரில் மோதினால் கணக்கே வேறு.

குளியலறையில் ஒரு வாளி நீரைத் தரையோடு சுவரை நோக்கிச் சாய்த்துப் பாருங்கள். விரல் தடிமனில் ஓடும் நீர், சுவரைத் தொட்டதும் குபீரென்று ஏறி, மடிந்து, மேடாக உங்கள் காலை நோக்கித் திரும்பும். அந்த மேட்டைக் கணக்கிட, 1871-ல் பிரெஞ்சுப் பொறியாளர் செயின்ட் வெனான் தந்த சமன்பாடுகளைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம். உங்கள் எண்களைப் போட்டால் சுவரோரம் நீர் சுமார் 2.5 மீட்டர் வருகிறது, அதாவது 8 அடிக்கு மேல். முதல் சிதறல் இன்னும் மேலே போகும். தேங்கி நிற்கும் 1 மீட்டர் நீர், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் அரை டன் விசையில் தள்ளும். 2.5 மீட்டர் நின்றால் அது 3 டன். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் எப்படித் தாங்கும்?

கன்சல்டன்டிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "கணக்கில் என் சுவர் இருக்கிறதா?" பெரும்பாலும் இருக்காது. வெள்ளத்தைக் கணக்கிடும் மென்பொருள் இலவசம், செயற்கைக்கோள் உயர வரைபடமும் இலவசம். அந்த வரைபடத்தில் ஒரு கட்டம் 30 மீட்டர். உங்கள் வீடு, தெரு, எதிர்வீடு எல்லாம் அதில் ஒரே எண். அதற்கு நீலமும் சிவப்பும் பூசி, ஸ்பைரல் பைண்டிங் போட்டுக் காசு வாங்குகிறார்கள். நேரில் வந்து தரையின் ஏற்ற இறக்கத்தை அளக்காத, அதாவது லெவல் எடுக்காத அறிக்கைக்குப் பணம் தராதீர்கள்.

ஒரு விலக்கு உண்டு. ஏரியின் உபரி நீர் வெளியேறும் கலிங்கு வழிந்து, மழைநீர் மணிக்கணக்கில் மெல்ல ஏறினால் இந்த மோதல் இல்லை. 1 மீட்டர் 1 மீட்டராகவே நிற்கும். "போன மழையில் மூன்றடி நின்றது, சுவர் அசையவில்லையே" என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். அது நின்ற நீர். பாய்ந்து வரும் நீருக்கு அதைச் சாட்சியாக எடுக்காதீர்கள். கொத்தனார் சொன்னாலும் சரி, எஞ்சினியர் சொன்னாலும் சரி. இரண்டும் ஒரே ஏரி நீர்தான், ஆனால் சுவருக்கு இரண்டும் ஒன்றல்ல.

கரையின் உயரமும் கலிங்கு மட்டமும் அரசுப் பதிவேட்டில் இருக்க வேண்டியவை. அவற்றைக் கரையிலேயே ஒரு பலகையில் எழுதி வைத்தால் என்ன? கேட்டால், தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு 30 நாள் காத்திருக்கச் சொல்கிறார்கள். கார்த்திகை மழை காத்திருக்குமா? இருந்தாலும் மனுவை இன்றே போடுங்கள்.

அப்புறம், சுவருக்கென்று எடுத்து வைத்த பணம். வீடு கான்கிரீட் தூண்களில் நிற்கிறது என்றால், வெள்ளம் வந்தால் ஏறித் தப்ப, அந்தப் பணத்தில் மொட்டை மாடிக்கு வெளிப்பக்கமாக ஒரு படிக்கட்டு கட்டுங்கள், ஏரி இல்லாத பக்கத்தில்.