மாடிப்படிக்குக் கீழே நிற்கும் வண்டிகள்: வாசகர் கேள்வி பதில்

தீ பாதுகாப்பு பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் எழுதுங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஏதோ ஒரு வகையில் மாடிப்படியைப் பற்றியவை. தீயணைப்புத் துறையில் நிலைய அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான், இந்த ஊரில் எத்தனையோ வீட்டுப் படிகளில் புகைக்குள் ஏறியிருக்கிறேன். அதனால் படிக்கட்டுக் கேள்விக்குத்தான் முதல் இடம், நீளமான பதிலும் அதற்குத்தான்.

ஐயா, எங்கள் அடுக்குமாடியில் 12 வீடுகள். கீழே பார்க்கிங், மேலே மூன்று மாடி. ஒரே படிக்கட்டு. அதன் கீழே எல்லா வீட்டு மீட்டரும் இருக்கிறது, மீட்டரை ஒட்டி ஏழெட்டு பைக் நிற்கும், ஒருவர் தன் மின்சார ஸ்கூட்டரை எக்ஸ்டென்ஷன் ஒயர் போட்டு ராத்திரி முழுக்க சார்ஜ் செய்கிறார். சங்கத்தில் சொன்னால், நம்முடையது உயரமான கட்டடம் இல்லை, தீயணைப்பு விதியெல்லாம் நமக்குக் கிடையாது என்கிறார் செயலாளர். உண்மையா?
– வாசகி, வில்லிவாக்கம்

பாதி உண்மை, அந்தப் பாதியை வைத்துக்கொண்டு மீதியை மறைக்கிறார். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019இன்படி 18.30 மீட்டருக்கு மேல் போனால்தான் அது உயரமான கட்டடம், குடியிருப்புகளில் அதற்குத்தான் திட்ட அனுமதியின்போது தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று கட்டாயம். உங்கள் மூன்று மாடி அதற்குள் வராது. சரி. ஆனால் அனுமதி வாங்கிய வரைபடத்தில் அந்த இடம் நடைவழி என்று இருக்குமே தவிர வண்டி நிறுத்துமிடம் என்று இருக்காது, வரைபடத்தை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். வெளியேறும் வழியை அடைக்கலாம் என்று எந்த விதியும் எந்த உயரத்துக்கும் சொல்லவில்லை.

விதியை விடுங்கள், அங்கே என்ன நடக்கும் என்று சொல்கிறேன். மீட்டர் பலகையில் ஒரு இணைப்பு தளர்ந்திருக்கும், மே மாதத்தில் 12 வீட்டிலும் ஏசி ஓடும்போது அந்த இடம் கொதிக்கும். எம்சிபி என்கிற தானாக விழும் சுவிட்ச் இருக்கிறதே என்பார்கள். எம்சிபி அளவுக்கு மீறி மின்சாரம் போனால் விழும், ஆர்சிசிபி என்கிற இன்னொரு சுவிட்ச் மின்சாரம் கசிந்தால் விழும், ஆனால் தளர்ந்த இணைப்பில் இரண்டுமே நடக்காது, வழக்கமான மின்சாரம்தான் போகும், சூடு மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும். ஒயரின் தோல் உருகி ஒரு பொறி கீழே விழுந்தால் அங்கே பெட்ரோலோடு எட்டு வண்டிகள். டயரும் சீட்டும் எரிந்தால் வரும் கரும்புகை பக்கவாட்டில் போகாது, மேலே ஏறும், மேலே ஏற அதற்கு உங்கள் படிக்கட்டுதான் புகைபோக்கி. மூன்றாவது மாடியில் இருப்பவர் கதவைத் திறக்கும்போது தீ இன்னும் தரைத்தளத்தில்தான் இருக்கும், ஆனால் அவர் வாசலில் கண் தெரியாது. நான் போன வீடுகளில் தீ பட்டு இறந்தவர்களைவிடப் புகையில் இறந்தவர்கள்தான் அதிகம், அதிலும் படியில் கிடந்தவர்கள்.

மின்சார ஸ்கூட்டரைத் தனியாகச் சொல்ல வேண்டும். அதன் லித்தியம் பேட்டரியில் தீப்பிடித்தால் தீயணைப்புப் பவுடர் அடித்தாலும் அணைந்த மாதிரி இருந்து மறுபடி பிடிக்கும், நிறையத் தண்ணீர் விட்டுக் குளிர வைக்க வேண்டும். அவரைப் பகைத்துக்கொள்ள வேண்டாம், வண்டி வாங்கியது தப்பில்லை. காம்பவுண்டு ஓரம் திறந்த இடத்தில் தனி எம்சிபியோடு ஒரு பிளக் பாயின்ட் சங்கமே போட்டுக் கொடுக்கட்டும், எக்ஸ்டென்ஷன் ஒயர் கூடவே கூடாது. பைக்குகள் இந்த வாரமே நகர வேண்டும். மீட்டர் பக்கத்து முத்திரையை யாரும் தொடாதீர்கள், மின்வாரியத்துக்கு எழுதி வரச் சொல்லுங்கள், அதற்கு அப்புறம் உங்கள் பக்கத்து இணைப்புகளை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை வைத்து வருடத்துக்கு ஒரு தடவை, கோடைக்கு முன்னால் இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, மொட்டை மாடிக் கதவுக்குப் பூட்டு இருக்கிறதா? துணி திருடு போகிறது, பையன்கள் சிகரெட் பிடிக்கிறார்கள் என்று பூட்டிச் சாவியைச் செயலாளர் வைத்திருப்பார். ஏறிய புகை முதலில் வந்து அடைவது அந்தப் பூட்டிய கதவின் அடியில்தான், பயத்தில் மேலே ஓடுகிறவர்களும் அங்கேதான் போய் முட்டுவார்கள். உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்கிற தாழ்ப்பாள் போடுங்கள். படியில் புகை வந்துவிட்டால் மேலேயும் வேண்டாம், கீழேயும் வேண்டாம். வீட்டுக் கதவைச் சாத்தி, கீழ் இடுக்கில் ஈரத் துண்டை அடைத்து, தெருப்பக்க பால்கனிக்குப் போய் 101ஐ அழைத்து எந்த மாடி என்று சொல்லுங்கள். சாத்திய கதவு கொடுக்கிற சில நிமிடங்கள் பெரிய விஷயம்.

என் மருமகள் எல்லா ஜன்னலுக்கும் பால்கனிக்கும் கிரில் போட்டுவிட்டாள். திருடன் வரமாட்டான், நாங்கள் எப்படி வெளியே போவது என்று கேட்டால் சிரிக்கிறாள்.
– வாசகி, பெரம்பூர்

அம்மா, நீங்கள் கேட்டதுதான் சரி. கிரில்லை எடுக்கச் சொல்ல மாட்டேன், சென்னையில் பூனைக்கும் குரங்குக்கும் திருடனுக்கும் கிரில் வேண்டும்தான். ஆனால் தெருப்பக்கம் பார்த்த ஒரு ஜன்னலிலோ பால்கனியிலோ ஒரு ஆள் நுழைந்து வருகிற அளவுக்குக் கிரில்லிலேயே ஒரு கதவு வைக்கச் சொல்லுங்கள். உங்கள் வெல்டிங் பட்டறைக்காரருக்கு அது அரை நாள் வேலை. அதன் சாவி வெளியிலிருந்து கை எட்டாத, உள்ளிருந்து இருட்டில் தடவினாலே கிடைக்கிற ஒரு ஆணியில் எப்போதும் தொங்க வேண்டும், பீரோவுக்குள் இருக்கக் கூடாது. பேரப்பிள்ளைகளை வைத்து மாதம் ஒரு தடவை திறந்து பாருங்கள். கடல் காற்றில் கீல் துருப்பிடித்துவிடும், தேவைப்படும் அன்றைக்குத் திறக்காது. ஒரு தடவை ஒரு வீட்டில் பால்கனி கிரில்லை வெட்ட எங்களுக்கு நேரமானது, உள்ளே இருந்தவர் கம்பியைப் பிடித்தபடி எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் பிழைத்தார். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

நான் துரைப்பாக்கத்தில் ஒரு பெண்கள் விடுதியில் தங்கி வேலைக்குப் போகிறேன். 40 பேர் இருக்கிறோம். ராத்திரி பத்து மணிக்கு வெளியே போகிற ஒரே கதவைப் பூட்டிச் சாவியை வார்டன் எடுத்துக்கொள்கிறார். அறைகளில் இண்டக்‌ஷன் அடுப்பும் கெட்டிலும் ஓடுகிறது. யாரிடம் சொல்வது?
– வாசகி, சென்னை

சகோதரி, 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநல காப்பகம் ஒன்றில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். அவர்களைச் சங்கிலியால் கட்டிப்போட்டிருந்தார்கள். வெளியேற முடியாமல் பூட்டி வைப்பதும் அந்த நேரத்தில் சங்கிலிக்குச் சமம்தான், இதை உங்கள் வார்டனிடம் இப்படியே சொல்லலாம். பாதுகாப்புக்காகப் பூட்டுகிறேன் என்றால், வெளியிலிருந்து யாரும் வர முடியாத, உள்ளிருந்து ஒரே தள்ளில் திறக்கிற கதவுகள் கடையில் கிடைக்கின்றன.

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. பெண்கள், குழந்தைகள் விடுதிகளை முறைப்படுத்த 2014இல் தமிழ்நாடு அரசு தனிச் சட்டமே கொண்டுவந்தது, மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் வாங்காமல் விடுதி நடத்தக் கூடாது. உரிமத்தைக் காட்டச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. தனியாகக் கேட்டால் மறுநாளே அறையைக் காலி செய் என்பார்கள், அதனால் பத்துப் பேராவது சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கேளுங்கள். பதில் இல்லையென்றால் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் நாள் கூட்டத்தில் மனு கொடுங்கள், முதலமைச்சரின் உதவி மையத்தின் 1100 எண்ணிலும் பதிவு செய்யலாம். மனு போய்ச் சேரும்வரை சும்மா இருக்காதீர்கள். ஒரு பிளக்கில் இரண்டு சாதனம் வேண்டாம், இண்டக்‌ஷன் அடுப்பை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகவே வேண்டாம், சாவியின் ஒரு நகல் மாடிக்கு ஒருவரிடம் இருக்கட்டும்.

ஜவுளிக்கடையில் விற்பனையாளராக இருக்கிறேன். பின்பக்கப் படி முழுக்கத் துணி மூட்டை. சிவப்பு சிலிண்டர் எட்டு மாட்டியிருக்கிறது, யாருக்கும் அடிக்கத் தெரியாது. வேலை போகாமல் என்ன செய்யலாம்?
– வாசகர், தி.நகர்

தம்பி, உங்கள் ஏரியாவிலேயே 2017 மே 31 அதிகாலை உஸ்மான் சாலையில் ஒரு பெரிய ஜவுளிக்கடையின் அடித்தளத்தில் புகை கிளம்பி, ஒரு நாளைத் தாண்டியும் எரிந்து, கடைசியில் ஏழு மாடிக் கட்டடத்தை மொத்தமாக இடிக்க வேண்டியதாயிற்று. அது விடியற்காலை. தீபாவளிக்கு முந்திய ஞாயிறு சாயங்காலமாக இருந்திருந்தால் என்று நினைத்தாலே எனக்கு உடம்பு நடுங்குகிறது. துணி மூட்டை உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டிருக்கும், வெளியே அணைந்த மாதிரி தெரியும், அதனால்தான் ஜவுளிக்கடைத் தீ அவ்வளவு நேரம் பிடிக்கும்.

முதலாளியிடம் மூட்டையைப் பற்றி ஆரம்பிக்காதீர்கள், சிலிண்டரிலிருந்து ஆரம்பியுங்கள். பக்கத்துத் தீயணைப்பு நிலையத்துக்கு ஒரு கடிதம் கொடுத்தால் வந்து செய்துகாட்டுவார்கள், அப்படி வருகிறவர்கள் பின்படியையும் பார்க்காமல் போக மாட்டார்கள். அதுவரைக்கும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: முள் பச்சைப் பகுதியில் இருக்கிறதா, அட்டையில் அடுத்த பரிசோதனைத் தேதி தாண்டிவிட்டதா என்று பாருங்கள். அடிக்கும்போது பின்னை உருவி, தீயின் உச்சியை விட்டுவிட்டு அடியைப் பார்த்து இடம் வலமாக வீசி அடிக்க வேண்டும், வெளியேறும் வழி எப்போதும் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். ஆறு கிலோ சிலிண்டர் அரை நிமிடம்கூட வராது. ஒன்று காலியாகியும் அணையவில்லையென்றால் அது உங்கள் வேலை இல்லை, வாடிக்கையாளர்களை வெளியே கூட்டிப்போங்கள். லிஃப்ட் வேண்டாம். 2024 டிசம்பரில் திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் தரைத்தளத்தில் தீப்பிடித்தபோது லிஃப்டில் சிக்கியவர்கள் புகையில் மூச்சுத் திணறினார்கள்.

எங்களுடையது 16 மாடி. ஸ்பிரிங்ளர், பம்ப், ஹோஸ் எல்லாம் பில்டர் வைத்துக் கொடுத்திருக்கிறார். நாங்கள் நிம்மதியாக இருக்கலாமா?
– வாசகர், சோழிங்கநல்லூர்

கீழே பம்ப் அறைக்குப் போய்ச் சுவிட்ச் 'ஆட்டோ'வில் இருக்கிறதா, 'ஆஃப்'பில் இருக்கிறதா என்று பாருங்கள், அப்புறம் நிம்மதியைப் பற்றிப் பேசலாம். எங்கேயோ ஒரு ஒழுகல், பம்ப் அடிக்கடி ஓடுகிறது, கரண்ட் பில் ஏறுகிறது என்று அணைத்து வைத்துவிடுவார்கள். டீசல் பம்புக்கு டீசலும் உயிருள்ள பேட்டரியும் இருக்க வேண்டும். படிக்கட்டுக்குப் போகிற கனமான கதவு தானாகச் சாத்திக்கொள்ள வேண்டிய கதவு, காற்று வரட்டும் என்று அதற்கு ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்திருந்தால் புகைக்கு நீங்களே வழி விட்டிருக்கிறீர்கள். தீ நேரத்தில் கூடி நிற்க விடப்பட்ட புகலிடத்தில் பழைய சோபாவும் சைக்கிளும் கிடந்தால் இந்த வாரமே அகற்றுங்கள். தீயணைப்புத் துறை உரிமம் எந்தத் தேதி வரைக்கும் என்று சங்கத்திடம் கேளுங்கள்.

வடை சுடும்போது எண்ணெய் பற்றிக்கொண்டது, தண்ணீர் ஊற்றப் போனேன், பக்கத்து வீட்டுக்காரர் தடுத்தார். ஏன்?
– வாசகி, மயிலாப்பூர்

அவருக்கு நன்றி சொல்லுங்கள். கொதிக்கிற எண்ணெயில் விழுந்த தண்ணீர் நொடியில் ஆவியாகி எரிகிற எண்ணெயைக் கூரை வரைக்கும் தூக்கி அடிக்கும். அடுப்பை அணைத்து, பெரிய தட்டைப் பக்கவாட்டிலிருந்து நகர்த்தி மூடுங்கள், வாணலியைத் தூக்காதீர்கள், ஆறும்வரை திறக்காதீர்கள். கேஸ் வாடை வந்தால் ஸ்விட்ச் எதையும் போடவும் வேண்டாம் அணைக்கவும் வேண்டாம், ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906ஐ அழையுங்கள்.

பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கும்போது எதைப் பார்ப்பது?
– வாசகர், கொளத்தூர்

2004 ஜூலை 16 கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் பிடித்த தீயில் 94 குழந்தைகள் போனார்கள். சமையலறைக் கூரையில் பிடித்த தீ வகுப்பறைக் கூரைக்கு ஏறியது, இறங்குவதற்குக் குறுகலான படி. தனியார் பள்ளிக்குக் கட்டட உறுதிச் சான்று, கட்டட உரிமம், தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று நான்கும் வேண்டும், கேளுங்கள். ஆனால் சேர்க்கைக்குப் போகிற அன்று நீங்களே இரண்டாவது படிக்கட்டு வழியாக இறங்கிப் பாருங்கள், கீழ் கேட்டில் பூட்டு தொங்கினால் அங்கேயே நின்று தலைமை ஆசிரியரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

101ஐ அழைத்தால் என்ன சொல்ல வேண்டும்?
– வாசகர், ராயபுரம்

தெருப் பெயர், பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த கோயிலோ கடையோ, எத்தனையாவது மாடி, என்ன எரிகிறது, உள்ளே ஆள் இருக்கிறதா. அவர்கள் கேட்டு முடிக்கும்வரை வைத்துவிடாதீர்கள், 112 அழைத்தாலும் உதவி வரும். உங்கள் தெருவில் வண்டி நுழைவதற்குள் இரண்டு பக்கமும் நிற்கிற கார்களை நகர்த்த ஆள் அனுப்புங்கள், ஒருவர் தெருமுனைக்கு ஓடிப்போய் நிற்கட்டும், ராத்திரி என்றால் கையில் டார்ச்சோடு.